செத்துவிட்டது என்று யார் சொல்வது

பெலிண்டாவுக்குத் திருச்சி மன்னார்புரத்தில் சாஃப்ட்வேர் வேலை, வீடு பாலக்கரையில். அப்பா தைரியராஜ் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் முற்றிய பிறகு ஒருநாள் வீட்டிலிருந்து இறங்கிப் போனார். எங்கோ மயங்கிக் கிடந்தவரை யாரோ ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பெலிண்டா அங்கே போய்க் கேட்டபோது ஷிஃப்ட் மாறியிருந்தது. "அப்படி யாரும் இல்லைங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். நம்பித் திரும்பினாள். அப்பா அந்தக் கட்டடத்தின் மாடியில்தான் படுத்திருந்தார், பெயரில்லாமல். மறுநாள் பிணவறையில் அடையாளம் காட்டினாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வேலைக்கு வந்தவளிடம் ஒரு புதுச் செயலியை உருவாக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் காணாமல் போகிறவர்களைத் தேடித் தர ஸ்ரீரங்கத்துத் தன்னார்வலர்கள் கேட்டிருந்தார்கள். அன்றைக்கு செல்போன் சிக்னல் படுத்துவிடும். அதனால் மூன்று உதவிக் கூடாரங்களில் மூன்று சின்ன மெஷின்கள், இடையே வயர். எந்த மெஷினில் எது ஓட வேண்டும் என்று மேஸ்திரி மாதிரி பார்த்துக்கொள்ள குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருள்.

பெயர்களைச் சேமிக்கும் டேட்டாபேஸை எந்த வகையில் ஏற்றுவது என்பதில்தான் தகராறு. டீம் லீட் ஹரிஹரசுதன் ஸ்ரீரங்கத்துக்காரர். அவருக்கு எதுவும் சட்டென்று முடிய வேண்டும்.

"டிப்ளாய்மென்ட்டா போட்டுடு. ஒண்ணு போனா இன்னொண்ணு வந்து நிக்கும். ஏன் ஊரைச் சுத்தறே?"

"வரும் சார். பழசு நெஜமாவே போச்சான்னு பாக்காம வரும். ரெண்டும் நீங்க வெச்சிருக்கிற பொது டிஸ்க்ல எழுதினா?"

"எழுதாது. பெருமாள் பாத்துப்பார்."

"எங்க மாதாகிட்டயும் சொல்லி வைக்கிறேன். ஆனா ஸ்டேட்ஃபுல்செட்தான் சார்."

ஸ்டேட்ஃபுல்செட்டில் டேட்டாபேஸுக்கு நிலையான பெயர் உண்டு, தனக்கென்று டிஸ்க் உண்டு. விழுந்தால் அதே பெயரில் எழுந்து அதே டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். அந்த டிஸ்க்கின் நகலை மூன்று மெஷின்களிலும் வைத்தாள். ஒரு பிடிவாதமும் அதற்கு உண்டு. மெஷினே பேச்சில்லாமல் போய்விட்டால், பழையது செத்துவிட்டது என்று ஒரு மனிதர் உறுதி சொல்லும்வரை புதியதை எழுப்பாது.

"அன்னிக்கு மாட்டிண்டு முழிக்கப்போறது நீதான்" என்று ஹரிஹரசுதன் விட்டுவிட்டார்.

அந்த நாளும் வந்தது. சொர்க்கவாசல் திறந்து வெயில் ஏறியிருந்தது. தெற்கு வாசல் கூடாரத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டேட்டாபேஸ் ஓடியது கீழச் சித்திரை வீதிக் கூடாரத்து மெஷினில். திடீரென்று அது திரையில் சிவப்பாயிற்று. யாரைத் தேடினாலும் வரவில்லை.

மேசைக்கு எதிரே உப்பிலியபுரத்து வேலம்மாள் நின்றிருந்தார். கையில் ஒரு துணிப்பை.

"ஏம்மா, இத்தனை பொட்டி வச்சிருக்கீங்க, மருதைன்னு ஒரு ஆளைக் காட்ட மாட்டேங்குதே. எங்க வூட்டுக்காரருக்கு பேரைத் தவிர ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க. சுகர் ஊசி எங்கிட்டல்ல இருக்கு. போடுற நேரம் தாண்டிப்போச்சு."

வரிசை பின்னால் நீண்டது. ஹரிஹரசுதன் குனிந்து, "செத்துடுத்தும்மா அது. ஃபோர்ஸ் டெலீட் குடு. இங்கயே புதுசு எழும்பிடும்" என்றார்.

பழையது செத்துவிட்டது என்று உறுதி சொல்லும் அந்தக் கட்டளையைத் தட்டினாள். எண்டர் மட்டும் பாக்கி. மெஷின் நின்றிருந்தால் அவர் சொல்வது சரி. வயர் மட்டும் அறுந்திருந்தால் அங்கே எல்லாம் உயிரோடுதான் இருக்கும். அந்தக் கூடாரத்தில் இருக்கும் ரஞ்சனி பெயர்களை ஏற்றிக்கொண்டே இருப்பாள். இங்கே இன்னொன்றை எழுப்பினால் ஒரே பெயரில் இரண்டு ஓடும். வயர் சேரும்போது ஒரு பக்கத்தைத் தூக்கி எறிய வேண்டும். எறிகிற பக்கத்தில் மருதை இருந்தால்?

ரஞ்சனிக்கு அடித்துப் பார்த்தாள். லைன் போகவில்லை.

"என்ன யோசனை? ஜனம் கத்தறது."

"பாக்காம சொல்ல மாட்டேன் சார்."

"ஸ்க்ரீன்லதான் இல்லையே, போறாதா?"

"இல்லைன்னு சொன்னாங்கன்னு ஒரு தடவை திரும்பி வந்துட்டேன் சார்."

ஹரிஹரசுதன் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். தடுப்பைத் தாண்டி அவள் இறங்கினாள். வேலம்மாள் அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

கூட்டம் எதிர்த்திசையில் வந்தது. நாலடி வைத்தால் இரண்டடி பின்னுக்குத் தள்ளியது. நெஜமாகவே செத்திருந்தால் இந்த நேரமெல்லாம் வீண். அரை நிமிட வேலைக்குப் பிடிவாதம் பிடித்து ஒரு மனுஷனின் ஊசியைத் தள்ளிப்போட்டவளாவாள். யாருடைய முழங்கையோ விலாவில் இடித்தது. "விடாதீங்கம்மா" என்றாள். "நீ போ தாயி, நான் விடலை" என்றது பின்னாலிருந்து குரல்.

கூடாரத்துக்குள் மெஷினில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. போலீஸ் தடுப்பை யாரோ நகர்த்தியிருந்தார்கள். அதன் இரும்புச் சக்கரம் வயரின் மேல் ஏறி நின்றது.

"அக்கா! ஏத்திக்கிட்டே இருக்கேன், ஒருத்தரும் தேடி வரலை" என்றாள் ரஞ்சனி. "இந்தத் தாத்தா வந்து ரொம்ப நேரமாச்சு. பேரு மருதையாம். ஊரு கேட்டா சிரிக்கிறாரு."

மருதை பிளாஸ்டிக் நாற்காலியில் தொன்னையோடு உட்கார்ந்திருந்தார்.

"யோவ், சர்க்கரைப் பொங்கலா திங்கிற?" வேலம்மாள் தொன்னையைப் பிடுங்கினார்.

"குடுத்தாங்க, தின்னேன். நீ எங்கடி தொலைஞ்ச? காலையிலேருந்து உன்னைத்தான் தேடுறேன்."

"நான் தொலைஞ்சேனா? கேட்டீங்களா இவரு பேச்சை?" என்று தோளில் ஒன்று வைத்தார். பிறகு பையைத் திறந்து ஊசியை எடுத்தார்.

பெலிண்டா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து வேறு வயரைச் சொருகினாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. ரஞ்சனி ஏற்றிய பெயர்கள் ஒவ்வொன்றாக மற்றக் கூடாரங்களுக்குப் போயின. மேசை மேலிருந்த திரையில், செயலியின் சாட்டில், "வந்துடுத்து" என்று ஹரிஹரசுதன் எழுதியிருந்தார்.

"அக்கா, சரியாயிடுச்சே. வெளிய வாங்க" என்றாள் ரஞ்சனி.

"இரும்மா. கொஞ்சம் ஆகும்" என்றது மேசைக்கு அடியிலிருந்து குரல்.