மழைக்கு முன்னே இறங்குபவர்

மழை வந்து சேருமுன் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியாக வேண்டும் ஸெய்னுலாப்தீனுக்கு. தோளில் ஜப்பான் குடைகளின் கட்டு. கண் எந்நேரமும் வானத்தில். நனைந்தவனுக்குக் குடை விற்க யாராலும் முடியும். நனையப்போகிறவனுக்கு விற்பதுதான் இவர் வியாபாரம். பஸ்ஸில் எல்லோருக்கும் இவர் 'நானா', அதாவது அண்ணன். "நானா ஏறுறதால மழை வருதா, மழை வருதுன்னு நானா ஏறுறாரான்னே தெரியல" என்று பன்வில பஸ்ஸின் டிரைவர் அழகையா கேலி செய்வார்.

சித்திரை மாதத்து இடிமழை இவரைப் பாடாய்ப் படுத்துகிறது. கண்டி முழுவதும் ஒரே மாதிரிப் பெய்தால் என்ன குறைந்துவிடும்? ஹந்தானையில் கொட்டும்போது மடவளையில் புழுதி பறக்கும். காலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்த மேகங்கள் பிற்பகலில் யாரோ கூப்பிட்டு நிறுத்தியதுபோல் வரிசை கட்டிவிடும். "ஒண்டு தனியா வாரல்ல, கூட்டாளிமாரயும் கூட்டிக்கிட்டுத்தான் வருது. ஆரு கூப்பிர்ற எண்டுதான் வெளங்குதில்ல" என்பார், தேநீர்க் கடையில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும். ஓரிடத்தில் பெய்தால் மறுநாள் அங்கே பெய்யாது என்பது அவருடைய சொந்தச் சட்டம். அது பொய்த்த நாட்களை மனைவி ருக்கியா எடுத்துச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். "நேத்துத்தானே இஞ்ச பேஞ்ச. இண்டைக்கு வராது. எல்லாத்தயும் விரிச்சிப் போடு" என்று ருக்கியாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மடவளை வீட்டு முற்றத்தில் அந்த வருஷத்துக் கராம்பு முழுவதும் பாய்களில் காய்ந்தது. நனைந்தால் பூஞ்சணம் பிடித்து வெளுத்துவிடும். மகள் ஆஸியாவின் கல்யாணமே அந்தக் கராம்பை நம்பித்தான் இருக்கிறது.

கட்டுகஸ்தோட்டையில் இடியோடு கொட்டத் தொடங்கியது. குடைக்குக் கைகள் நீண்டன. அப்போது மழைக்குள்ளிருந்து ஒரு குளிர்காற்று புறப்பட்டு மடவளைப் பக்கம் ஓடியது. அது போன வழியிலேயே, வெயில் அடித்துக்கொண்டிருந்த வானத்தில் புது மேகம் ஒன்று பொங்கி எழுந்தது. இத்தனை வருஷமாகத் தேடிய ஆள் இந்தக் காற்றுதானா! இங்கே விழுகிற மழைதான் அங்கே அடுத்த மேகத்தைக் கிளப்பிவிடுகிறதா! அவருக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. மறுகணம் முற்றத்துக் கராம்பு நினைவுக்கு வந்தது. மேகம் எழும்பியது அவர் வீட்டுப் பக்கம். நீட்டிய கைகளை அப்படியே விட்டுவிட்டு அழகையாவின் பஸ்ஸில் தாவி ஏறினார்.

வீட்டை அடையும்போது துளி விழத் தொடங்கிவிட்டது. ருக்கியாவும் ஆஸியாவும் ஒரு பாயைத்தான் உள்ளே இழுத்திருந்தார்கள். அவர் மற்றப் பாய்களில் கராம்பை நடுவே குவித்து, பாயை மடித்து, மேலே குடையை விரித்து, காம்பில் கல்லை ஏற்றினார். ஒவ்வொரு பாய்க்கும் இரண்டு மூன்று குடை.

"அல்லாஹ்வே, புதுக் குடையெல்லாம் நனையுதே! இனி ஆரு வாங்குவாங்க?" என்று ருக்கியா கத்தினாள்.

அவர் அடுத்த குடையை விரித்தார். மழை சடசடவென்று இறங்கியது. தாடியில் தண்ணீர் வழிந்தது. கட்டுக்குள் மிஞ்சியிருந்த ஒரே குடையை அவரிடம் நீட்டினாள் ருக்கியா. "இதயாவது ஒங்கட தலைக்குப் புடிங்க."

வாங்கி விரித்தார். குனிந்து, பாயோரத்தில் சிந்திக் கிடந்த ஒரு பிடி கராம்பின் மேல் அதைக் கவிழ்த்தார்.