பூட்டாத பெல்ட்

அவள் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுபவள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய அன்று, கிரேன் கூண்டுக்கு ஏணி ஏறுமுன் மாட்டும் பாதுகாப்பு பெல்ட் இடுப்பில் பூட்டவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தும் கொக்கி எட்டவில்லை.

"இதவிடப் பெரிய பெல்ட் இங்க இல்ல. மாசக் கடைசி வரைக்கும் கீழ நின்னு கிரேனுக்குக் கொடி காட்டும்மா. அப்பவும் பூட்டலேன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்றார் சூப்பர்வைசர்.

அன்றிலிருந்து காலையில் வெறும் காப்பி, மதியம் வெள்ளரிக்காய், இரவில் தண்ணீர். கணவன் தட்டை நீட்டினால், "அங்கயே சாப்பிட்டேன்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். இடுப்பு கொஞ்சம் இளைத்தது. பாலும் வற்றத் தொடங்கியது. குழந்தை மார்பைச் சப்பிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது.

தடுப்பூசி போடப் போனபோது நர்ஸ் குழந்தையை எடை போட்டாள்.

"போன தடவையவிடக் குறைஞ்சிருக்கே! நீ ஒழுங்கா சாப்பிடுறியா, இல்லையா?"

அவள் உடைந்துபோனாள். "சாப்பிட்டா கிரேன் வேலை போயிரும் சிஸ்டர். சாப்பிடலேன்னா இவளுக்குப் பால் இல்ல. நான் என்னதான் பண்றது?"

"உடம்பு மெதுவாத்தான் இளைக்கும். முதல்ல வயித்துக்குப் போடு" என்றாள் நர்ஸ். வேலையைக் காப்பாற்ற அவளிடமும் வழி இல்லை.

அன்று மாலை கணவன் எதிரிலேயே உட்கார்ந்து, அழுதுகொண்டே இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அவன் குழம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.

மாசக் கடைசியில் கொக்கிக்கு இன்னும் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. புதிதாக வந்தவன் ஏணியில் ஏறிப் போனான். அவள் கீழே நின்று அவனுக்குக் கொடி காட்டினாள். பால் சுரந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது.