சிலுவை திரும்பாத வளைவு

காலை 7.10. குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பன்வில பஸ்ஸில் ஏறினேன். துன்பத்தைப் பொறுமையோடு தாங்குவது எப்படி என்று எங்கள் கோயில் பங்கு மலரில் எட்டு வருடமாகத் தவக்காலம் தவறாமல் எழுதி வருகிறேன். நான் நேரில் கண்ட துன்பம் முழங்கால் வலியும் கண்டி வாகன நெரிசலும்தான். மடுல்கெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றைக் கவனிக்கும் பாதர் இதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். "எழுதினது போதும், ஒருக்கா வந்து பாருங்க" என்று போன் எடுத்தார்.

8.40. பன்வில. பஸ்ஸுக்கு நூற்றைம்பது ரூபாய். அங்கிருந்து தோட்டம் வரைக்கும் ஆட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு. சாரதி பாரூக் நானா.

"மேல உள்ள கோயிலுக்கா? போக ஏலாதே சேர். மழைக்கு மலை சரிஞ்சி பாதை போயிட்டே."

"திரும்பப் போட்டாச்சாம்."

"யாரு, கவுமெண்டா?"

"இல்லை, தோட்டத்துச் சனம்தான். தவக்காலத்து நேர்த்தியாம்."

பாரூக் நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். வளைவில் அவர் அப்படிச் செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. "நாங்க நோன்புக்கு மூணு மணியானா கடையச் சாத்திட்டுப் படுத்துட்டோம். இவங்க வேலைக்கும் போயி, மலையும் வெட்டினாங்களா?"

9.30. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பாதரும் முப்பது பேரும் நின்றார்கள். நடுவில் பலாமரச் சிலுவை, பதின்மூன்று அடி. தலைமாட்டில் சவரியம்மாள். ஐம்பது வயதிருக்கும், கொழுந்து பறிப்பவர். அவருடைய கணவர் அந்தோணி மேலே உள்ள சிற்றாலயத்தில் மணியடித்து விளக்கேற்றி வந்தவர். இருபது வருடமாகப் பெரிய வெள்ளியன்று சிலுவையின் தலைமாட்டைப் பிடித்ததும் அவர்தான். சென்ற மழையில் சரிந்த மண் பாதையையும் தொழிலாளர் குடியிருந்த நான்கு லயன் அறைகளையும் கொண்டுபோனது. ஓர் அறையில் அந்தோணி இருந்தார். ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு வழி இல்லாததால் அவரை டவுனில்தான் அடக்கம் செய்தார்கள்.

"அவரு புடிச்ச எடத்த இந்த வருசம் நான் புடிக்கிறேன்னு சொல்லிட்டேன்" என்றார் சவரியம்மாள். "பாத இல்லைன்னாங்க. திருநீற்றுப் புதன்லருந்து ஆளுக்கொரு கல்லு, தெனம் கொழுந்து நிறுத்த பெறவு. எறைச்சிய விட்டா அது தவசா ஐயா? மாசத்துல ஒரு நாள்தானே திங்கிறோம்!"

பாதர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இன்று சிலுவை பழுதில்லாமல் மேலே போய்ச் சேர்ந்தால் பெரிய வெள்ளிச் சிலுவைப் பாதை இங்கேயே நடக்கும். இல்லாவிட்டால் டவுன் கோயிலில்.

10.15. அறுநூறு மீற்றர் ஏற்றம். படிக்குப் படி கல் அடுக்கி, மழைத்தண்ணீர் போக ஓரமாகக் கான் வெட்டியிருந்தார்கள். நகரத்தில் இதற்கு மூன்று கூட்டமும் ஒரு திறப்பு விழாவும் வைத்திருப்போம். நான்கு பேர் சிலுவையைத் தூக்க, மற்றவர்கள் பாடிக்கொண்டு போனார்கள். நான்காவது வளைவில் பாட்டு நின்றது. சிலுவையின் கை மண்மேட்டில் முட்டியது, கால் பள்ளத்துக்கு மேலே தொங்கியது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"வளைவை எதை வைச்சு அளந்தனீங்கள்?" என்றேன்.

"முதுகுல கூடையோட என்னைய நிறுத்தி அளந்தாங்க" என்றார் சவரியம்மாள். "கூடை முட்டாம திரும்பினா போதும்னு வெட்டுனோம்."

தோட்டத்தில் எந்தப் பாதைக்கும் அதுதான் அளவு. சிலுவைக்காகப் போட்ட பாதையில் சிலுவையை ஒருவரும் நினைக்கவில்லை. நிமிர்த்தித் திருப்பலாம் என்றால் தலைக்கு மேலே கரண்ட் கம்பி. "நிமித்துனா வெள்ளிக்கெழமைக்கு முன்னாடியே மோட்சந்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

பாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு ஆறு மணிக்குக் கண்டியில பூசை. மூணு மணிக்கு நான் எறங்கணும். அதுக்குள்ள திரும்பலைன்னா டவுன்லதான்."

சவரியம்மாள் சிலுவையிலிருந்து கையை எடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் என் படிப்பு வாயைத் திறந்தது. அடிப்பக்கம் இரண்டடியை வாளால் அறுத்துவிடலாமே என்றேன். உரோமர் காலத்தில் குறுக்குச் சட்டத்தை மட்டுமே சுமக்க வைத்தார்கள் என்று அறிஞர் பலர் கருதுவதாகவும், விசுவாசத்துக்கு மரத்தின் நீளம் முக்கியமில்லை என்றும் விளக்கினேன்.

"ஐயா நல்லாப் படிச்சவுங்களோ?" என்று கேட்டார் சவரியம்மாள்.

"ஓரளவுக்கு."

"அதான். எங்க வீட்டுக்காரரு தூக்குனது இந்த நீளந்தான் ஐயா. நமக்கு ஏத்தாப்புல சிலுவைய வெட்டுறதா? வழிய வெட்டுவோம்." பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அலவாங்க எடுங்க!"

சிலுவையைத் தேயிலைச் செடிகள்மேல் சாய்த்து வைத்தார்கள். அலவாங்கு என்ற கடப்பாரையால் மண்மேட்டைக் குடைந்தார்கள், வெளி ஓரத்தில் கல் அடுக்கினார்கள். பாதர் அங்கியைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டினார். எப்போதோ பன்விலைக்குத் திரும்பியிருக்க வேண்டிய பாரூக் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அலவாங்கை வாங்கினார். நான் தேங்காய் அளவில் ஒரு கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினேன். "பாத்து ஐயா, பிள்ளைய கீழ போட்டுறாதீங்க" என்றாள் எதிரே வந்த ஒரு பெண். அவள் தலையில் இருந்தது என் கல்லைப் போல மூன்று மடங்கு.

பகல் 2.40. சவரியம்மாள் தலைமாட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஓரடி ஓரடியாகத் திரும்பினார். மேட்டுக்கும் சிலுவைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. திரும்பியது. ஒருவரும் கைதட்டவில்லை. விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடங்கினார்கள், முன்னைவிடச் சத்தமாக. மேலே ஆலயக் கதவைத் திறந்து சிலுவையைப் பீடத்தோடு சாய்த்தபோதுதான் சவரியம்மாள் அழுதார், அதுவும் கொஞ்ச நேரம்தான்.

"வெள்ளிக்கெழமை காலைல சிலுவைய கீழ எறக்கி எட்டு மணிக்குத் தொடங்குவோம்" என்றார் பாதர்.

"ஏழரைக்கு வந்துருங்க பாதர். வெயிலு ஏறிடும்."

பாதர் தலையாட்டினார்.

3.15. இறங்கினோம். எங்கள் கண்டிக் கோயிலில் சிலுவைப் பாதை சுவரில் மாட்டிய பதினான்கு படங்களில் நடக்கிறது. மின்விசிறிக்குக் கீழே இருந்தபடியே கழுத்தை மட்டும் திருப்பி ஆண்டவரோடு கல்வாரிக்குப் போய் வருகிறோம். அதைக் குறை சொல்லமாட்டேன், அந்த ஏற்பாட்டை முன்மொழிந்தவனே நான்தான்.

மடுவத்தடியில் சவரியம்மாளிடம் கேட்டேன்: "வெள்ளிக்கிழமை எனக்கும் சிலுவையில் பிடிக்க ஓர் இடம் கிடைக்குமோ?"

அவர் என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். கொழுந்தின் தரம் பார்க்கும் கண்.

"கால்மாட்டுல கடைசியா புடிங்க ஐயா. அங்கதான் பாரம் கொறைவு."

முப்பது வருடமாக எங்கள் கோயிலில் வாசகம் வாசிக்கிறேன், இரண்டு முறை பங்குச் சபைக்குத் தலைவராகவும் இருந்திருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் முதலில் சொன்னது, எனக்குக் கால்மாடு கிடைத்த செய்தியைத்தான்.