குளிர்த்திக்குப் பிறகும் பாடிய பாட்டு

இது கட்டிச் சொன்ன கதை அல்ல. நடந்தது. மேர்சி டீச்சருக்கு, பட்டப்பகலில், பள்ளிக்கூட வளவுக்குள் நடந்தது. பேய்க்கதை என்றால் இருட்டும் நாய் ஊளையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. மீன்காரியிடம் விலை குறைத்துக் கேட்கவே நாக்குத் தடுமாறும் மனுஷி அவர். பேய் பிசாசு என்று யாராவது வாயெடுத்தால், "வேற வேலை இல்லையா உங்களுக்கு" என்று சிரித்துவிட்டுப் போவார். அந்த வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை யாரும் கேட்கவில்லை.

அது 1962. டீச்சர் புளியந்தீவு டவுனில் வளர்ந்த மெதடிஸ்த கிறிஸ்தவ வீட்டுப் பெண். குருக்கள்மடத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஊருக்கு மாற்றலாகி வந்திருந்தார். ஊரின் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் வரும் பொடியன்கள் இன்று தாத்தாமாராக அங்கேயே இருக்கிறார்கள். மூன்று அறைப் பள்ளிக்கூடம். முன்னால் கல்முனை வீதி. பின்னால் கம்பி வேலி, வேலிக்கு அப்பால் சேற்றில் வளரும் கண்ணாப் பற்றை, அதற்கும் அப்பால் வாவி. வாவியை அங்கே எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். டீச்சருக்கு ஐந்தாம் வகுப்பைக் கொடுத்தார்கள்.

அந்த ஊரில் வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் சடங்கு. அதையொட்டிக் கொம்புமுறி. ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வளைந்த இரண்டு மரக் கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் கட்டி, இரண்டு பக்கமும் இழுப்பார்கள். எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ, அந்தச் சேரியை மற்றச் சேரி வசை பாடித் தீர்த்துவிடும். மாமனை மருமகன் பாடுவான், அண்ணனைத் தம்பி பாடுவான். யாரும் கோபிக்கக் கூடாது. கடைசியில் அம்மனுக்குக் குளிர்த்தி பாடியதும் எல்லாம் தணிந்துவிடும். அதற்குப் பிறகு வசை வாயில் வரவே கூடாது.

பெரியவர்கள் செய்ததைப் பொடியன்கள் பள்ளிக்கூட மணலில் செய்தார்கள். வளைந்த தடி வெட்டிக் கொண்டுவந்து இழுத்தார்கள். தென்சேரித் தடியைப் பிடித்தவன் நல்லரத்தினம். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் வாய் திறக்காத பிள்ளை. தடி அவன் கையில் முறிந்தது. வடசேரிப் பொடியன்கள் பாடினார்கள். அது முறை. தோற்ற ஆத்திரத்தில் அவனுடைய தென்சேரிப் பொடியன்களும் சேர்ந்து பாடினார்கள். அது முறையில்லை. வசை கேட்பவனுக்குத் தன் சேரியாவது பக்கத்தில் நிற்கும். இவனுக்கு ஒருவரும் நிற்கவில்லை.

கொம்பு முறிச்சவன் ஆரடா? இந்தக்
கோழைப் பொடியன் தானடா.
வீட்ட போக வெக்கமெண்டா, போய்
ஆத்துக்குள்ள ஒளியடா.

இதுதான் பாட்டு. யார் கட்டியது என்று கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது. அண்ணன்மார் பாடினார்கள், நாங்களும் பாடுகிறோம் என்றார்கள்.

குளிர்த்தி முடிந்தது. ஊர் தணிந்தது. பள்ளிக்கூடம் தணியவில்லை. டீச்சர் வகுப்பில் இருந்தால் பாட மாட்டார்கள். நல்லரத்தினம் பதில் சொல்ல எழும்பும்போது, எங்கோ ஒரு விரல் மேசையில் தட்டும். டொக்… டொக் டொக்… தாளம் மட்டும்தான். பிடிக்கவும் முடியாது, அடிக்கவும் முடியாது. அவன் பதிலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஒரு மாதத்தில் அவன் கையுயர்த்துவதே நின்றுபோனது.

டீச்சர் தலைமையாசிரியர் கதிர்காமத்தம்பியிடம் போனார். நல்ல மனிதர். பிரம்பைக் கையில் எடுக்காதவர் என்று பெயர்.

"அது கொம்பு வசை, டீச்சர். நீங்க டவுன் ஆக்கள், உங்களுக்குப் புதிசு. இன்னும் ரெண்டு கிழமையில மறந்திடுவானுகள்."

"அந்தப் புள்ள வாடிப் போறான், சேர்."

"நாம போய்ப் பெரிசாக்கினா, மறுகா கூடத்தான் பாடுவானுகள்."

அதுவும் சரியாகத்தான் பட்டது. டீச்சர் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த நாள்தான் அந்தப் பெண் வந்தாள்.

மணி மூன்றரை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீதிப் பக்கம் ஓடிப் போயிருந்தார்கள். டீச்சர் யன்னலைச் சாத்தப் போனார். பின் வேலிக்கு அப்பால் ஒருத்தி நின்றாள். நீலக் கரைச் சேலை. தலை முழுகிவிட்டு வந்தவள்போல் கூந்தல் ஈரம். கையில் மடித்த ஒரு வெள்ளைச் சட்டை.

"பள்ளி விட்டாச்சா, டீச்சர்?"

"விட்டாச்சே."

"என்ட புள்ள வரல்ல. பாட்டுப் பாடுறாங்களாம். வெக்கத்தில எங்கயோ நிக்கான். சட்டையத் தைச்சுக் கொண்டு வந்திரிக்கன்."

நல்லரத்தினத்தின் தாய் என்று டீச்சர் நினைத்தார். அவளை அவர் கண்டதில்லை. விடியுமுன் வயல் வட்டைக்குக் களை பிடுங்கப் போனால், இருட்டித்தான் வருவாள் என்று கேள்விப்பட்டிருந்தார். பாவம், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"பாட்டை ஒருக்கா நிப்பாட்டி விடுங்களன், டீச்சர்."

"நாளைக்குக் கதைக்கிறன். நீங்க யோசிக்காதீங்க."

அவள் தலையாட்டினாள். டீச்சர் யன்னலைச் சாத்தினார். வீட்டுக்குப் போகும் வழியில்தான் ஒரு யோசனை வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பாதை கிடையாது. முழங்கால் சேறு. அவள் சேலைக் கரையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை…

மறுநாளும் வந்தாள். அதே நேரம். அதே கேள்வி.

அதற்கு அடுத்த நாளும்.

மூன்றாவது நாள் டீச்சர் சட்டையை உற்றுப் பார்த்தார். தோளில் அழகான தையல். ஆனால் சட்டை சின்னது. நல்லரத்தினத்துக்கு அது பத்தாது.

"இது அவன்ட சட்டையா?"

"அவன்டதான்."

"சின்னதா இருக்கே."

அவள் சட்டையைத் தடவினாள். டீச்சர் யன்னலைச் சாத்தினார். வீட்டுக்குப் போய் வேதாகமத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வசனமும் மனதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை.

காலையிலிருந்தே நல்லரத்தினத்தின் முகம் சரியில்லை. இடைவேளையில் யாரோ அவன் சட்டையைக் கிழித்திருந்தார்கள். கேட்டால், முள்ளில் பட்டது என்றான். பள்ளி விட்டதும் வீதியில் பாட்டு எழும்பியது. டீச்சர் வெளியே ஓடிப் போய்க் கத்தினார். பொடியன்கள் சிதறினார்கள். நல்லரத்தினத்தைக் காணவில்லை. வீட்டுக்கு ஓடியிருப்பான் என்று நினைத்து வகுப்புக்குத் திரும்பினார்.

யன்னலுக்கு வெளியே பார்த்தார். வேலியோரம் வெறுமையாக இருந்தது. மனம் கொஞ்சம் ஆறுதலாயிற்று.

சொட்…

சொட்… சொட்…

சத்தம் முதுகுப் பக்கம் கேட்டது.

வாசலில் அவள் நின்றாள். முதல் தடவையாக வேலிக்கு இந்தப் பக்கம். உச்சியிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். வெளியே மழை இல்லை. வெயில் எரித்தது.

"வாங்க டீச்சர்."

"என்ன…"

"இன்னொரு புள்ள இறங்குது."

டீச்சர் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தூக்க ஏலாது, டீச்சர். என்ட கைக்குப் பிடிபடுதில்ல."

அந்தக் குரல்… அது பேயின் குரல் இல்லை. பிள்ளை பெற்றவளின் குரல். டீச்சர் ஓடினார்.

கம்பியில் சேலை கிழிந்தது. சேற்றில் செருப்புப் போனது. கண்ணாப் பற்றைக்குள் கை கால் எல்லாம் கீறின.

ஆறு அசையாமல் கிடந்தது.

கொஞ்சத் தூரத்தில் ஒரு தலை. கழுத்தளவு தண்ணீரில்.

நல்லரத்தினம்.

யாரோ கூப்பிட்டதுபோல் முன்னால் பார்த்துக்கொண்டே நடந்தான். திரும்பவில்லை.

டீச்சருக்கு நீந்தத் தெரியாது.

இறங்கினார்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. அவனுடைய தலை மறைந்தது. டீச்சர் கையை வீசினார். தலைமயிர் அகப்பட்டது. பிடித்து இழுத்தார். எப்படிக் கரைக்கு வந்தார் என்பது இன்றைக்கும் தெரியாது.

பிள்ளை வாந்தியெடுத்தான். உயிர் இருந்தது. டீச்சர் அவனை மார்போடு அணைத்துக்கொண்டு கதறி அழுதார்.

"ஏன்டா மனே… ஏன்டா…"

"இஞ்ச வந்தாப் பாட்டுக் கேக்காதாம், டீச்சர்."

"ஆர் சொன்ன?"

"ஒரு பொடியன். தண்ணிக்குள்ள நிண்டான்." அவன் பல் கிடுகிடுத்தது. "ஒரு அம்மாவும் நிண்டா. கையத் தந்தா. இறுக்கிப் பிடிச்சன். வழுகிட்டு…"

டீச்சர் தலையை நிமிர்த்தினார்.

அவள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். நல்லரத்தினத்தைப் பார்த்தாள். அப்படியொரு பார்வையை டீச்சர் வாழ்நாளில் கண்டதில்லை. சந்தோஷப்பட்டாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"என்ட புள்ளையையும் ஒருக்காப் பாருங்களன், டீச்சர். அங்கதான் இரிக்கான்."

டீச்சரின் இரண்டு கைகளிலும் ஒரு பிள்ளை இருந்தான். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது தண்ணீர் மட்டும் இருந்தது.

பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, நனைந்த சேலையோடு டீச்சர் கதிர்காமத்தம்பியின் வீட்டுக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். நீலக் கரைச் சேலை என்றதும் அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். சட்டை என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னப்பூரணி," என்றார்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவளுடைய மகன் தவராசா அதே ஐந்தாம் வகுப்பில் படித்தான். அவன் கையிலும் கொம்பு முறிந்தது. அந்தப் பாட்டு அவனுக்குக் கட்டியதுதான். குளிர்த்திக்குப் பிறகும் பாடினார்கள். தாய் நாளாந்தம் பள்ளி விடும் நேரம் வந்து நின்றாள், பாட்டை நிறுத்தச் சொல்லி. ஒருநாள் அவன் சட்டை கிழிந்தது. தைத்துக்கொண்டு வந்தாள். அதற்குள் அவன் ஆற்றுக்குள் போய்விட்டான். உடம்புகூடக் கிடைக்கவில்லை.

"நீங்க அவக்கு என்ன சொன்ன, சேர்?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு கிழமையில மறந்திடுவானுகள் எண்டு சொன்னன்."

அந்தப் பெரிய மனிதர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டீச்சருக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. தன்மேல் அதைவிடக் கூடுதலாக வந்தது.

திங்கட்கிழமை பாடம் நடக்கவில்லை. தலைமையாசிரியர் முழுப் பள்ளியையும் மணலில் இருத்தினார். கோயிலிலிருந்து குளிர்த்தித் தண்ணீரும் வேப்பிலையும் எடுப்பித்திருந்தார். தவராசாவின் கதையை, தான் சொன்ன சொல்லையும் மறைக்காமல், முழுதாகச் சொன்னார். பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். நடுவில் ஒருவன் விம்மத் தொடங்கினான். பிறகு பலபேர். குளிர்த்தித் தண்ணீரை எல்லோர் மேலும் தெளித்து, பாட்டு இன்றோடு முடிந்தது என்றார். நல்லரத்தினத்தின் இரண்டு பக்கமும் ஒரு வடசேரிப் பொடியனும் ஒரு தென்சேரிப் பொடியனும் வந்து உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லி வரவில்லை. அன்றிலிருந்து கடைசிப் பிள்ளை வீடு போகும்வரை ஒரு ஆசிரியர் பள்ளி வாசல் படலையில் நிற்பது அங்கே வழக்கமாயிற்று.

அன்னப்பூரணிக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று டீச்சர் ஆசைப்பட்டார். எங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

"அவ சாகல்ல, டீச்சர்," என்றார் கதிர்காமத்தம்பி. "வெல்லாவெளியில தமையன்ட வீட்டில இரிக்கா."

உயிரோடு இருப்பவளா? அப்படியென்றால் வந்தது…

அடுத்த சனிக்கிழமை ஓடம் ஏறி ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்துப் போனார். தமையனின் மனைவி ஆச்சிப்பிள்ளை உள்ளே கூட்டிப்போனாள். பாயில் ஒருத்தி சுருண்டு கிடந்தாள். எலும்பும் தோலும். ஆனால் அதே முகம்தான். சந்தேகமேயில்லை.

"எழும்பி நடந்து ரெண்டு வருஷம், டீச்சர். புள்ள போன நாளிலயிருந்து ஒரு சொல்லும் பறையல்ல."

டீச்சர் பாயருகே இருந்து பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னார். பாட்டு நின்றுவிட்டது என்றார். அந்தப் பிள்ளை பிழைத்துவிட்டான் என்றார். அவள் அசையவில்லை. வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பொத்தி வைத்திருந்தாள்.

"அதைப் பாருங்க," என்றாள் ஆச்சிப்பிள்ளை மெல்ல. "போன கிழமை வெள்ளி பின்னேரம் திடீரெண்டு கத்தினா. ஓடி வந்து பாக்கன், மணிக்கட்டில இது."

கன்றிப்போன தழும்பு. ஐந்து விரல். ஒரு சின்னப் பிள்ளை இறுக்கிப் பிடித்த அடையாளம்.

"கழுவ விடுறா இல்ல. எண்ணெய் போட விடுறா இல்ல. ஒம்பது வருஷத்துக்குப் பிறகு வாய் திறந்து ஒண்டே ஒண்டுதான் சொன்னா. 'என்ட புள்ள என்னைப் பிடிச்சிட்டான்' எண்டு."

அன்னப்பூரணி கண்ணைத் திறந்தாள். டீச்சரைப் பார்த்தாள். அந்தக் கையைக் காட்டிச் சிரித்தாள்.

ஆற்றுக்குள் எந்தப் பிள்ளை அந்தக் கையைப் பிடித்தான் என்பது டீச்சருக்குத் தெரியும். அன்னப்பூரணி சாகும்வரை அதை அவளிடம் சொல்லவில்லை.