சேறு படாத காற்சட்டை

வெள்ளைக்காரன் ஆண்ட அந்தக் கடைசிக் காலத்தில், வெள்ளவத்தையிலிருந்து தினமும் ரயிலேறி மருதானைக்கு சிவில் இஞ்சினியரிங் படிக்கப் போனேன். வகுப்பில் இருபத்தொரு பேர். பாலம் கட்டுவதைப் பற்றி ஆசையாகக் கதைத்த ஒருவனை நான் கண்டதில்லை. துறைமுகத்துக்குப் போனால் பங்களா கிடைக்குமா, ரோட்டுப் பகுதி என்றால் கார் உண்டா, குளக்கட்டு வேலையா, ஐயோ, காட்டுக்காய்ச்சல் வரும். இதுதான் ரயிலில் நடந்த படிப்பு.

நான் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். மாமா அரசாங்கக் கந்தோரில் கிளார்க். முதல் வருடம் முடியுமுன்பே வருகிறவர்களிடமெல்லாம் "எங்கட இஞ்சினியர்" என்று என்னைக் காட்டி, என் மானத்தை வாங்குவார்.

கடைசி வருடம் கால்வாய்க் கரையில் மட்டம் பார்த்து, நிலத்தின் ஏற்ற இறக்கத்தை ஒரு கொப்பியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது.

எங்கள் வகுப்புத் துரைமார் வெள்ளை ட்ரில் காற்சட்டையோடு வந்து இறங்கினார்கள். அளவுகோல் பிடிக்க வந்த கூலியாளைச் சேற்றில் நிறுத்திவிட்டு மரநிழலில் உட்கார்ந்தார்கள். முந்தின வருடத்து மாணவன் ஒருவனின் கொப்பி கைக்குக் கை மாறியது. எல்லோரும் அதைப் பார்த்து அப்படியே எழுதினார்கள். வாத்தியாரும் நிழலை விட்டு அசையவில்லை. அந்த வருடம் கால்வாயைத் தூர்வாரி மண்ணைக் கொட்டியதில் கரை முழங்கால் உயரம் ஏறியிருந்தது. அது ஒருவன் கண்ணிலும் படவில்லை.

நான் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினேன். வீரமெல்லாம் இல்லை, அந்தக் கொப்பி என்னிடம் வந்து சேர நேரமாகும் போலிருந்தது. இறங்கியபின் வேலை பிடித்துப்போயிற்று. மாலைவரை அளந்தேன்.

மறுவாரம் வாத்தியார் என் கொப்பியை விரல் நுனியால் தள்ளினார்.

"இருபது பேரும் பிழை, நீர் ஒருத்தர்தான் சரியோ?"

"ஓம் சேர். கரையை ஒருக்கா வந்து பாருங்கோ."

"இந்த வெய்யிலுக்கையோ? விசரே உமக்கு?"

பெயிலாக்கிவிட்டார். மாமாவுக்கோ நான் பெயிலானதைவிடச் சேறுதான் பெரிய அவமானம்.

"இஞ்சினியருக்குப் படிக்கிறவன் சேத்துக்கை இறங்குவானோ? அதுக்குத்தானே கூலிக்காரன் நிக்கிறான். இன்னும் ஒருக்காப் பார். இல்லாட்டி என்ரை கந்தோரிலை கிளார்க்காச் சேத்துவிடுறன்."

அந்தக் கந்தோரில் மாமாவுக்குப் பக்கத்து மேசையில் உட்காருவதைவிட எதுவும் மேல் என்று பட்டது. அடுத்த வருடம் நானும் மரநிழலில் உட்கார்ந்தேன். அதே பழைய கொப்பியைப் பார்த்து, ஒரு புள்ளி பிசகாமல் எழுதினேன். நல்ல புள்ளிகளோடு தேறினேன். அந்தத் துரைமார்மேல் இருந்த அருவருப்பில் பெரும்பங்கை அன்றோடு என்மேலேயே எடுத்துக்கொண்டேன்.

"இப்பதான் நீ இஞ்சினியர்" என்று மாமா தோளில் தட்டினார்.

அடுத்த நாள் காலையில் அடுப்பு மூட்டக் கடதாசி இருக்கிறதா என்று மாமி கேட்டார். நானே அளந்து எழுதிய கொப்பியை எடுத்துக் கொடுத்தேன்.