பின்பக்கமாக மேடேறிய சைக்கிள்

"இன்னைக்கும் என் மானத்தைக் காப்பாத்துடா ராசா" என்று சைக்கிளின் சீட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் கீரையக்கா ஏறுவார். பின்னால் கூடைகளைப் பழைய டியூபால் இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கும் கணவர், "என்னைக்காவது என்கிட்ட இப்படிக் கொஞ்சியிருக்கியா?" என்பார்.

"நீங்க என்னைக்காவது எனக்காக இவ்வளவு சுமந்திருக்கீங்களா?"

நாற்பத்தொரு வயதில், அறுவடை முடிந்த வயலில் சைக்கிள் பழகியவர். முதல் நாளே வாய்க்காலுக்குள் போய்விட்டார். "விழுந்தா மெத்தை மாதிரி இருக்கும்னாரு. மெத்தையில எவன் தண்ணி ஊத்தினது?" என்று இன்றும் கணவரை விடுவதில்லை.

தலையில் சுமந்த காலத்தில், அவர் நகரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாச் சமையலறைகளும் கீரை வாங்கி முடித்திருக்கும். அதனால் வயலோரம் வண்டியோடு வந்து நிற்கும் வியாபாரி சொன்னதுதான் விலை. அவர் உதட்டைப் பிதுக்கினால், பறித்துக் கால் மணி ஆகாத கீரையும் வாடிய கீரைதான். சைக்கிள் வந்ததும் கீரையக்கா மாணவர் விடுதிச் சமையல்காரரிடம் நேரே போய் நின்றார். அவர், "பத்து நாள் ஆறரைக்குள்ள வந்து காட்டும்மா. அப்புறம் வருஷம் முழுக்க உன் கீரைதான். ஒரு நாள் பிந்தினாலும் பேச்சு கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

ஒன்பது நாள் தப்பவில்லை. பத்தாவது நாள் ஆசை மிஞ்சிவிட்டது. கீரை பளிச்சென்று இருக்கட்டுமே என்று, வழக்கமாகக் கையால் தெளிப்பவர், கட்டுகளின்மேல் இரண்டு குடம் தண்ணீரையே கவிழ்த்துவிட்டார். சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. பாலத்து மேட்டில் இறங்கித் தள்ளியபோது பின்பாரம் இழுத்தது. முன்சக்கரம் குதிரை மாதிரி எழும்பியது. அதை அழுத்திப் பிடித்தால் சைக்கிள் நகரவில்லை. தள்ளினால் வானத்தைப் பார்த்தது.

பின்னாலேயே வியாபாரியின் வண்டி வந்து நின்றது. "என்னக்கா, சைக்கிள் சலாம் போடுது? கீரையை என் வண்டியில போட்டுட்டு வீட்டுக்குப் போங்க. பாத்துப் போட்டுத் தரேன்."

"நீங்க பாத்துப் போட்டதைத்தான் பத்து வருஷமாப் பாத்தாச்சே தம்பி. போங்க, போங்க."

பாதியை இறக்கி வைத்துவிட்டு இரண்டு நடை போக நேரமில்லை. கீரையக்கா இடுப்பில் கைவைத்து ஒரு கணம் நின்றார். பிறகு சைக்கிளை அப்படியே திருப்பினார். கூடைகள் மேட்டைப் பார்க்க, கைப்பிடி பள்ளத்தைப் பார்க்க, பின்பக்கமாகவே உருட்டிக்கொண்டு ஏறினார். பாரம் இப்போது முன்சக்கரத்தின் பக்கம் சாய்ந்ததால், சைக்கிள் சாதுவாக வந்தது.

எதிரே வந்த பால்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, வேலைக்கா வீட்டுக்கா?"

"மூஞ்சி வீட்டுப் பக்கம், முதுகு வேலைப் பக்கம். வழியை விடுங்க!"

விடுதிச் சமையலறைக்குள் மூச்சு வாங்க நுழைந்தபோது, சுவர்க்கடிகாரத்தில் ஆறரைக்கு இரண்டு நிமிடம் இருந்தது. சமையல்காரர் ஒரு கட்டை எடுத்து உதறிப் பார்த்தார். அவர் முகமெல்லாம் தண்ணீர்.

"கீரை கொண்டாரச் சொன்னா கிணத்தையே தூக்கிட்டு வந்திருக்கியேம்மா!" என்று துண்டால் துடைத்துக்கொண்டார். உள்ளே திரும்பி, "நாளையிலேர்ந்து வேற யார்கிட்டயும் கீரை வாங்காதீங்க" என்று குரல் கொடுத்தார். பிறகு, "பக்கத்து விடுதியிலயும் கேக்குறாங்க. உன்னால முடியுமா?" என்றார்.

கீரையக்கா வெளியே வந்தார். ஈரம் சொட்டிக்கொண்டிருந்த கேரியரின்மேல் விரல்களை விரித்து வைத்து, சாண் சாணாக அளக்கத் தொடங்கினார்.