உப்புத் தொட்டியில் ஊறிய கல்

எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டித் தொட்டியில் ஒரு மாதமாகக் கன்று வாய் வைக்கவில்லை. அதில் கல் ஊறிக்கொண்டிருந்தது. ஊரில் எங்கள் வாசலைத் தாண்டிப் போனவர்களில் பாதிப் பேர், "ஏனுங்க, கல்லு எப்பங்க வேகும்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அப்பா அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை.

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு லாரி. அவரேதான் ஓட்டுவார். நாமக்கல்லில் லோடு ஏற்றிக் கடற்கரை ஊர்களுக்குப் போய்ப் போய், உப்புக் காற்றின் மேல் அவருக்குத் தீராத பகை வந்திருந்தது. லாரி பாடியில் எங்காவது பொத்தல் விழுந்தால், எலி கடித்த இடத்தைக் காட்டுவது போல என்னிடம் காட்டி, "இது கடல் தின்னது சாமி" என்பார். அந்தக் கடலோரத்தில்தான் அவருடைய ஒரே தங்கை, என் அத்தை, வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். அத்தையின் கணவருக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை.

அத்தை இருந்தது வாடகை வீடு. முகம் பார்க்கலாம் போன்ற டைல்ஸ் தரை. மழைக்காலம் வந்தால் அந்தத் தரைக்கு வேர்த்துக் கொட்டும் என்று அத்தை போனில் சொல்வாள். தரைக்கு வேர்க்குமா என்று நாங்கள் சிரிப்போம். ஒருநாள் அந்த வேர்வையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். சிரித்ததற்காக எனக்கு வெட்கமாகிவிட்டது. அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், அத்தை கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டுக்குப் பிறந்த வீட்டுச் சீர் என்னவென்று அறிவித்தார்.

"பீரோவும் கட்டலும் ஆரு வேணும்னாலும் குடுப்பாங்க. எந் தங்கச்சி கால் வெக்கிற எடத்த நான் போட்டுக் குடுக்கோணும்."

சீராகத் தரையைக் கொடுத்தவர் எங்கள் பக்கத்தில் அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அவருக்குப் பின்னாலும் யாரையும் நான் கேள்விப்படவில்லை.

கடைக்காரன் சொல்வதை நம்பித் தரை வாங்க அப்பா தயாராக இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு மூட்டை கல்லுப்பு வந்தது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, வாயில் வைத்தால் குமட்டும் அளவுக்கு உப்பைக் கரைத்து, வீட்டிலேயே ஒரு கடலை உண்டாக்கினார். அதில் நான்கு மாதிரித் துண்டுகள் இறங்கின: மரத்தூளை அழுத்தி மரம் போலவே செய்த பலகை ஒன்று, வெள்ளைப் பளிங்கு ஒன்று, டைல்ஸ் ஒன்று, சேலத்து மாமா கொடுத்த கருங்கல் ஒன்று. அப்பா லாரியில் போய்விட்டால், பள்ளிக்கூடம் போவதற்கு முன் தொட்டியைப் பார்த்து அவருக்குப் போனில் சொல்வது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. இவ்வளவு பெரிய பொறுப்பு அதற்கு முன் கிடைத்ததில்லை.

பலகை நாலே நாளில் டீயில் போட்ட ரஸ்க்காகிவிட்டது. பளிங்கில் இரண்டாவது வாரம் மஞ்சள் பூத்தது. டைல்ஸ் ஒன்றும் ஆகாமல் கிடந்தது. அதை எடுத்து வாசலில் போட்டு, ஈரக்காலோடு ஏறி நடந்து பார்த்த அப்பா, அடுத்த நொடி வாசலில் உட்கார்ந்திருந்தார். நானும் அம்மாவும் சிரிப்பை அடக்கப் பட்டபாடு கொஞ்சமல்ல. இடுப்பைத் தடவிக்கொண்டே டைல்ஸைத் தள்ளுபடி செய்தார். மிஞ்சியது மாமாவின் கல்.

மாமா அம்மாவின் அண்ணன். சேலத்துக்கு வெளியே கல் அறுக்கும் பட்டறை வைத்திருந்தார். பட்டறை முழுக்கக் கல்தூசி பறக்கும், மாமாவின் வேட்டி மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். வரும்போதெல்லாம் எனக்கு, இரண்டு தட்டைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்த தட்டுவடை செட் வாங்கி வருவார். சேலத்தில் இருந்து எங்கள் வீடு வந்து சேருவதற்குள் அது நமுத்துப் போயிருக்கும், ஆனாலும் அமிர்தம். அவர் கொடுத்த கல் காக்காய்க் கறுப்பு. மேலே வழவழப்பு இல்லாமல் சொரசொரவென்று காலைப் பிடிக்கும்படி செய்திருந்தார்கள். மாமா அம்மாவிடம், "உப்பு, தண்ணி, வெய்யில் எதுக்கும் அசையாதம்மிணி, ஏழு தலைமொறைக்கு இப்பிடியே கெடக்கும்" என்று சொல்லியிருந்தார். அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரு மாதம் முடியும் முன்பே அத்தை வீட்டுக்கு வேண்டிய கல் மொத்தமும் எங்கள் வாசலில் வந்து இறங்கித் தார்ப்பாய்க்கு அடியில் அடுக்கப்பட்டுவிட்டது.

அப்பா வடக்கே லோடு போன வாரம் அது. பங்குனி வெயில். காலையில் தொட்டியைப் பார்க்கப் போன எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் இங்க் கரைத்ததைப் போலக் கறுத்துக் கிடந்தது. கையை விட்டுக் கல்லை வெளியே எடுத்தேன். கல்லின் ஒரு பக்கம் வெளிறிச் சாம்பலாகியிருந்தது. என் உள்ளங்கை இரண்டும் கறுப்பு. கல்லுக்குச் சாயம் போகும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. துணிக்குப் போகும், தெரியும். கல்லுக்கா? கல்லைக் கீழே போட்டுவிட்டு, "அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது.

அம்மா வந்து பார்த்தாள். முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்துக் கல்லைத் துடைத்தாள். நுனி கறுத்தது. தார்ப்பாயை விலக்கி, அடுக்கியிருந்த கல் ஒன்றையும் அதே மாதிரி துடைத்துப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான். பிறகு தொட்டியின் அடியில் அடைத்திருந்த துணியைப் பிடுங்கினாள். கறுப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி முருங்கை மரத்தடியில் போய்த் தேங்கியது. புதுத் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்தாள். என் கையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"உங்கப்பாகிட்டச் சொல்லாத சாமி."

கறுத்த தண்ணீரை விட இதுதான் எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. பக்கத்து வீட்டுக் கொய்யாவைப் பறிக்கவில்லை என்று பொய் சொன்னதற்காக, வேப்பங்குச்சியால் என் காலில் கோடு போட்டவள் அம்மா. அவளே பொய் சொல்லச் சொல்கிறாள். அதுவும் அப்பாவிடம். அப்பா எங்கிருந்தோ போன் செய்து, "தண்ணி எப்பிடி இருக்குது சாமி?" என்று கேட்டார். "தெளிவா இருக்குதுங்கப்பா" என்றேன். அது உண்மைதான். ஆனாலும் அன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடத்தினார்கள் என்று எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

மறுநாள் அம்மா என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. கல்லை ஈரத்துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். சேலம் வரும்வரை கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மாமா எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, "வா அம்மிணி, வா சாமி" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை. கூடையிலிருந்து கல்லை எடுத்தாள். குனிந்து மாமாவின் வெள்ளை வேட்டி நுனியைப் பிடித்து, கல்லின் மேல் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தாள். வேட்டியில் கரிக்கோடு விழுந்தது. அண்ணன் எதிரே உட்காரவே கூசுகிறவள் அவள். கல் அறுக்கும் மிஷின் கூட நின்றுவிட்டதைப் போல எனக்கு இருந்தது. உண்மையில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது, எனக்குத்தான் காது அடைத்துப் போயிருந்தது.

"இது என்னங்கண்ணா?" என்றாள்.

மாமா வேட்டியைப் பார்த்தார். வேலையாட்கள் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு சிரிக்க முயன்றார்.

"சாம்பக் கல்லுக்குக் கறுப்பு ஏத்தறது தொழில்ல வழக்கந்தான் கண்ணு. எல்லாருந்தான் பண்றாங்க. பாக்கறதுக்கு எடுப்பா இருக்கும். கடலோர ஊட்டுல எவன் போயித் தொட்டியில ஊறப்போடப் போறான்னு…"

"அவரு ஊறப் போட்டாருங்க."

மாமாவின் சிரிப்பு நின்றது.

"உங்க தொழிலுக்கு அது வழக்கமா இருந்துட்டுப் போவட்டுங்க. அவரு தங்கச்சிக்குக் குடுக்கறது சீருங்கண்ணா." கோபத்திலும் அவள் ஒரு 'ங்க'வைக் கூட விடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. என்னைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "நாளைக்கு இவ பெரிய மனுசியானா, மாமன் சீர்னு நீங்கதானுங்க தட்டெடுத்துட்டு வரோணும். அந்தச் சீலையையும் நான் தொட்டியில நனச்சுத்தான் பாக்கோணுங்களா?"

பையன் டீ கொண்டு வந்து வைத்தான். அம்மா தொடவில்லை. பிறந்த வீட்டு மனிதர் கொடுத்ததைக் குடிக்காமல் அவள் கிளம்பி வந்தது அன்று ஒரு நாள்தான். தட்டுவடை செட் கூட வாங்காமல் சேலத்திலிருந்து திரும்பியதும் அன்று ஒரு நாள்தான். இரண்டாவதுதான் அப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது.

நான்கு நாள் கழித்து விடியற்காலையில் மாமாவின் லாரி வந்தது. கறுப்புக் கற்களை ஏற்றிக்கொண்டு, சாம்பல் நிறக் கற்களை இறக்கிவிட்டுப் போனது. பார்வைக்குச் சுமார்தான், ஆனால் சாயம் ஏற்றாத கல். மாமா வரவில்லை. அடுத்த நாள் அப்பா வந்தார்.

"அண்ணன் இதைவிட நல்ல கல்லு வந்துச்சுன்னு மாத்திக் குடுத்துட்டாருங்க" என்று அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பிடியா" என்றார் அப்பா.

வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு நேராகத் தொட்டிக்குப் போனார். அப்போதுதான் நான் அதைப் பார்த்தேன். தண்ணீரை மாற்றினோம், கல்லை மாற்றினோம். தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு கறுப்புக் கோடு சுற்றிலும் ஓடியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. அப்பா கோட்டுக்கு நேர் எதிரே குந்தி, பல் விளக்கி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார். வழக்கத்தை விட ரொம்ப நேரம் விளக்கினார். பிறகு எழுந்து போய்ச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்து, தொட்டியின் உள்ளே இரண்டு தடவை அடித்தார்.

"உப்புத் தொட்டி, கன்னுக்குட்டி வாய் வெக்காது. அதான்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கோடு அவர் கண்ணில் படுவதற்குள் அவர் கையாலேயே அது மறைந்துவிட்டதே என்று, தெரிந்த சாமியையெல்லாம் கும்பிட்டேன்.

வைகாசியில் அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழா. எங்கள் ஊர்க் கொத்தனாரை அப்பா கூட்டிக்கொண்டு போய், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி விட்டு, உப்புத் தண்ணீர் இறங்காத பசை அடைத்து, அவரே முட்டி போட்டு ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து முடித்திருந்தார். ஒரு வாளித் தண்ணீரைக் கூடத்தில் கொட்டி, அத்தையை நடக்கச் சொன்னார். கட்டுப் பிரித்த கையை வீசிக்கொண்டு அத்தை ஈரத்தில் தடதடவென்று நடந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டத்தின் கடைசியில் மாமா நின்றிருந்தார். அப்பா போய் அவர் கையைப் பிடித்து நடுக் கூடத்துக்கு இழுத்து வந்தார்.

"மச்சான்னா இப்பிடி இருக்கோணுமுங்க" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். "குடுத்த கல்லயே திருப்பி எடுத்துட்டு, அதைய உட நல்லதாக் குடுத்த மனுசன்."

மாமா தலை நிமிரவில்லை. தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமா ஏன் அழுகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். "கடல் காத்து, கண்ணு எரியும்" என்றாள். அவள் கண்ணும் எரிந்துகொண்டுதான் இருந்தது. லாரியையே தின்கிற காற்று, கண்ணை விடுமா என்று நானும் நம்பிவிட்டேன்.

அன்றைக்கு எனக்கு அப்பாவை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. எங்கள் நாலு பேரில், மாமாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற அவர் ஒருவருக்குத்தான் ஒன்றுமே தெரியவில்லை.